அஞ்சு எண்ணுற வரைக்கும்

...அதெப்படிம்மா நியாயம்? இப்போ அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒருத்தர் குடையும் கையுமா வந்தாரு. அவரும் லேட்டு, நானும் லேட்டு. காட்சி மாறுது, சட்டுனு போங்கன்னு டார்ச் அடிச்சு அவரை உள்ள அனுப்பிச்சே. அவரு பின்னாலயே நான் காலை எடுத்து வைக்கிறேன், என் மூக்குக்கு நேரா கதவைச் சாத்துறே! அவரு குடை வச்சிருந்தாரு, நான் துணிப்பை வச்சிருக்கேன். அதுதான் வித்தியாசமா?

சரி சரி... உதட்டுல விரல் வைக்காத. மெதுவாத்தான் பேசுறேன். இதுதான் என் மெதுவு. என்ன பண்றது, எங்க தையல்கடையில ஆறு மெஷின் ஒண்ணா ஓடும். அதுக்கு மேல கத்திக் கத்தியே இருபத்தெட்டு வருஷம் ஓடிப்போச்சு. வீட்டுல நான் ரகசியம் சொன்னா பக்கத்து வீட்டுக்காரி பதில் சொல்லுவா.

லேட்டுன்னு சொன்னேனே, அதுவும் என் தப்பு இல்ல. நாலரைக்கு ஆட்டம்னுதான் எனக்குச் சொன்னாங்க. நான் நாலே காலுக்கே வந்துட்டேன். வந்து பாத்தா போர்டுல நாலு மணின்னு போட்டிருக்கு! கவுண்டர்ல எடுத்து வச்சிருந்த டிக்கெட்டைக் குடுத்தாங்க, அதுலயும் நாலு மணி! இஷ்டத்துக்கு நேரத்தை மாத்துவீங்க, அப்புறம் லேட்டுன்னு கதவைச் சாத்துவீங்க. நல்லாயிருக்கு உங்க கொட்டகை.

இன்னிக்கு நான் உள்ள இருந்தே ஆகணும்மா. இதுல ஒரு தபால்காரர் வருவாரு பாரு, ரெண்டாவது காட்சியில... அவரு என் வீட்டுக்காரரு! ஆமா! நாலே வசனம். நாலுதான், ஆனா அந்த நாலுக்காக மனுஷன் ரெண்டு வருஷமா இந்தக் குழுவுக்கு நாற்காலி தூக்கியிருக்காரு. பஸ் டிப்போவுல கால அட்டவணை போட்டுக்கிட்டு இருந்தவரு. ஓய்வு வாங்கினதும் என் கடையில வந்து உக்காந்து அட்டவணை போட ஆரம்பிச்சாரு. சட்டைக் கை வெட்ட எத்தனை நிமிஷம், காலர் வைக்க எத்தனை நிமிஷம், நான் பேச எத்தனை நிமிஷம்னு... அந்தக் கடைசிக் கணக்கைப் பாத்துட்டுத்தான் "எங்கயாவது போய் நடிங்க, என் பிராணனை வாங்காதீங்க"ன்னு தொரத்தி விட்டேன். போனவரு மேடையிலயே மனசை விட்டுட்டாரு. போன சனிக்கிழமை ஒரு ஆட்டம், இன்னிக்கு ஒரு ஆட்டம், அதோட சரி. இதுல சறுக்கினா, அறுபத்தொரு வயசுல மறுபடி எந்த டைரக்டர் கூப்பிட்டு வேஷம் குடுப்பாரு, சொல்லு!

அது என்ன, உன் கோட்டுல பட்டன் அந்தரத்துல தொங்குது? பாத்துட்டு எப்படிம்மா சும்மா இருக்கிறது? நில்லு, ஊசி நூல் எப்பவும் என் பையில இருக்கும். கழட்ட வேண்டாம், போட்டபடியே தைச்சுடுறேன். அசையாத, குத்திடும். ஆங்... இப்போ எங்க ஓடுவே?

எனக்கு நாடகம்னா உசிரு. சினிமா பிடிக்காதுன்னு இல்ல. ஆனா சினிமாவுல நாம போனாலும் போகாட்டாலும் அந்தக் கதாநாயகன் அழுதுக்கிட்டேதான் இருப்பான். இங்க அப்படி இல்ல. மேடை மேல இருக்கிறவங்க மூச்சு வாங்குறது நமக்குக் கேக்கும், நாம மூச்சு விடாம இருக்கிறது அவங்களுக்குக் கேக்கும். விளக்கு அணையுற நேரம் இருக்கே... முன்னப் பின்னத் தெரியாத நானூறு பேர் ஒண்ணா வாயை மூடுவாங்க பாரு, அதுக்கே வரலாம்மா. இருபது வருஷமா மாசம் தவறாம வர்றேன். நாடகம், கச்சேரி, மேஜிக், பொம்மலாட்டம், எதையும் விட்டதில்ல.

ஆனா கூட வந்து உக்காருறதுங்க இருக்கே! ஒருத்தன், வெளியில நிக்கிற வரைக்கும் கல்லு மாதிரி இருப்பான். உள்ள அம்மா சாகக் கெடந்து பிள்ளைகிட்ட கடைசி வார்த்தை பேசும்போதுதான் அவனுக்கு இருமல் வரும். ஒருத்தி மிட்டாய்க் காகிதத்தைப் பிரிப்பா. சட்டுனு பிரிச்சாலும் பரவாயில்ல, சத்தம் வரக்கூடாதுன்னு கொஞ்சம் கொஞ்சமா, கர்ர்ர்... கர்ர்ர்ன்னு முழுக் காட்சியும் பிரிப்பா. இன்னொருத்தரு, பொண்டாட்டிக்கு அர்த்தம் சொல்லுவாரு. "இப்போ அவன் கோவமா இருக்கான்." அவன் மேஜையைத் தூக்கிப் போட்டு உடைக்கிறான்யா, அந்தம்மாவுக்குத் தெரியாதா?

நான் வாயே தொறக்க மாட்டேன். மேடைக்கு மரியாதைன்னா என்னைப் பாத்துக் கத்துக்கணும். அவசியம்னாதான் ஒரு வார்த்தை. ஒரு நாடகத்துல கத்தி வச்சுக்கிட்டு ஒருத்தன் திரைக்குப் பின்னாடி நிக்கிறான், அதைப் பாக்காம ஒரு பொண்ணு கண்ணாடி முன்னாடி தலை வாருது. "பின்னாடி பாரும்மா!"ன்னேன். மனுஷியா பொறந்தவ எவளும் சொல்லுவா. அந்தப் பொண்ணும் திரும்பிப் பாத்துடுச்சு, அதுக்கு நான் என்ன பண்றது? அப்புறம் அவன் குத்த வந்தப்போ ரெண்டு பேருக்குமே சங்கடமாப் போச்சு. மேஜிக் காட்டுறவரு "சீட்டு எங்க போச்சு, எங்க போச்சு?"ன்னு மூணு தடவை கேட்டாரு. மூணு தடவை! இடது கை மடிப்புல இருக்குன்னேன். கேட்டதுக்குத்தானே சொன்னேன்? என்ன, தோள் குலுங்குது? சிரிக்காத, ஊசி.

இவரு வசனம் முழுக்க எனக்கு அத்துப்படிம்மா. நாப்பது நாள் ஒத்திகை, எங்க வீட்டுச் சமையலறையில. ஒரு அம்மா ஆறு வருஷமா மகன் கடுதாசிக்காக வாசல்லயே காத்துக்கிட்டு இருக்காங்க. அந்த அம்மா வேஷம் நான். ஒரு கையில கரண்டி. "இன்னிக்காவது எனக்கு ஏதாச்சும் வந்திருக்கா?"ன்னு நான் கேப்பேன். "வந்திருக்கும்மா. ஆனா கையெழுத்து உங்க பையனோடது இல்ல"ன்னு இவரு சொல்லணும். அவ்வளவுதான். கேட்டதும் முழிப்பாரு. நான் உடனே "வந்திருக்கும்மா"ன்னு முதல் வார்த்தையை எடுத்துக் குடுப்பேன். மீதி மளமளன்னு வந்துடும். நாலு வசனத்துக்கும் அப்படித்தான். முதல் வார்த்தை நான், மிச்சம் அவரு. நாப்பது நாளும் ஒரு தப்பு இல்லியே!

போன சனிக்கிழமை... அதைச் சொல்லவே எனக்கு இன்னும் ஆறலை. மூணாவது வரிசையில உக்காந்திருக்கேன். இவரு வந்தாரு. நான் தைச்ச காக்கிச் சட்டை, தோள்ல பை, அடடா, நிஜத் தபால்காரர் தோத்துப் போகணும். அந்த அம்மா கேட்டாங்க. இவரு பாத்துக்கிட்டே நிக்கிறாரு. ஒரு விநாடி ஆச்சு, ரெண்டு விநாடி ஆச்சு. மறந்துட்டாரு, மானம் போகப் போகுது! "வந்திருக்கும்மா!"ன்னு எடுத்துக் குடுத்தேன். மெதுவாத்தான்.

மேடையில இருந்த அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "அப்படியா?"ன்னாங்க.

கொட்டகையே சிரிச்சுச்சு. மகன் செத்துப்போன கடுதாசிம்மா அது. அழ வேண்டிய எடம். ஜனங்க கண்ணைத் தொடச்சுத் தொடச்சுச் சிரிக்கிறாங்க. வீட்டுக்கு வந்து இவரு மூணு நாள் பேசலை. நாலாவது நாள் சொல்றாரு, "நான் மறக்கலை. அது டைரக்டர் சொன்ன நிறுத்தம். அஞ்சு எண்ணிட்டுத்தான் பேசணும். நீ என்னை ரெண்டுக்கு மேல எண்ண விட்டதே இல்ல"ன்னு. எனக்கு எப்படித் தெரியும்? அஞ்சு எண்ணுற வரைக்கும் சும்மா நிக்கிறதெல்லாம் ஒரு நடிப்பான்னு நான் கேட்டேன். அதுக்கு மறுபடியும் பேச்சு நின்னுச்சு.

ஆனா இன்னிக்குக் காலையில அவராவே, "நாலரைக்கு ஆட்டம், வந்துடு, டிக்கெட்டைக் கவுண்டர்ல சொல்லி வைக்கிறேன்"ன்னாரு. மனசு எறங்கிட்டாருன்னு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அவரு சொல்லித்தான் நான் நாலரைக்கு... இரு. இரு இரு. அவரு டிப்போவுல முப்பத்து மூணு வருஷம் நேரம் போட்டவரு. ஒரு பஸ்ஸு ஒரு நிமிஷம் தப்பினா ராத்திரி சாப்பிட மாட்டாரு. அவரா நாலு மணியை நாலரைன்னு சொல்லுவாரு?

இது என்னம்மா, உன் கோட்டுப் பையில இருந்து ஒரு சீட்டு நீட்டிக்கிட்டு இருக்கு? கையை எடு. இந்தக் கையெழுத்து... கட்டம் போட்டு, சிவப்பு மையில அடிக்கோடு. எனக்கா தெரியாது? "பச்சைத் துணிப்பை. கழுத்தில் கண்ணாடி தொங்கும். 4.15க்கு வருவார்." கால் மணி முன்னாடி வருவேன்னுகூட எழுதியிருக்காரு பாரேன், பாவி மனுஷன்! "தபால்காரர் காட்சி 4.31க்கு முடியும். அதுவரை தயவுசெய்து உள்ளே விட வேண்டாம். மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளவும். பேச விட்டால் போதும், நேரம் போவது தெரியாது."

அதான் நீ இவ்வளவு நேரமும் தலையைத் தலையை ஆட்டினியா.

இல்லம்மா, உன் மேல கோவம் இல்ல. நீ உன் வேலையைப் பாத்தே. முப்பத்தொரு வருஷத்துல என்கிட்ட ஒரு பொய் சொல்லாதவரு... சொல்ல வச்சுட்டேன் பாரு. அவரு சந்தோஷமா ஒரு தடவை மேடையில நிக்க, நான் அந்தப் பக்கம் இல்லாம இருக்கணும். வலிக்குதும்மா. நான் வீட்டுக்குப் போறேன். இரு, நூலு இன்னும் உன் கோட்டோட இருக்கு, முடிச்சுப் போட்டுட்டுப் போறேன்.

என்ன? மேல ஸ்பீக்கர்லயா? ஓ, உள்ள நடக்கிறது இதுல கேக்குமா? ஐயோ, அந்த அம்மா குரல்! இதுதான் அந்த எடம். "இன்னிக்காவது எனக்கு ஏதாச்சும் வந்திருக்கா?" கேட்டுட்டாங்க. கேட்டுட்டாங்கம்மா!

நான் பேசலை. பாத்துக்கோ, வாயைப் பொத்திக்கிறேன். ஒண்ணு... ரெண்டு... ஒரு இருமல் இல்ல பாரு. ஒரு மிட்டாய்க் காகிதம் இல்ல. நானூறு பேரும் இவரு முகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க. மூணு... இதுதானா அவரு சொன்னது? சும்மா நிக்கிறதுக்கு இவ்வளவு இருக்கா? நாலு...

அஞ்சு. இப்போ சொல்லுவாரு.

ஆறு.

இப்போ சொல்லுவாரு பாரு. ஏழு... ஏம்மா, அஞ்சுதானே சொன்னாரு? எட்டு. இது நிறுத்தம் இல்லம்மா. இது சமையலறை முழி. எனக்குத் தெரியும், இது அந்த முழி! முதல் வார்த்தைக்குக் காத்துக்கிட்டு நிக்கிறாரு. நாப்பது நாளும் நான்தானே எடுத்துக் குடுத்தேன், அவரா ஒரு தடவை ஆரம்பிச்சதே இல்லியே! ஐயோ, நான்தான் இப்படிப் பழக்கி வச்சுட்டேன். மூணாவது வரிசையைப் பாத்துக்கிட்டு இருப்பாரும்மா, அங்க என் நாற்காலி காலியா இருக்கும்...

என்ன பண்றே? கதவையா? அந்தச் சீட்டுல வேண்டாம்னு எழுதி... சொல்லவா? நிஜமாவா? கொஞ்சம் தள்ளிக்கோ.

"வந்திருக்கும்மா!"

...

கேட்டியா? ஸ்பீக்கர்ல கேட்டியா? "வந்திருக்கும்மா. ஆனா கையெழுத்து உங்க பையனோடது இல்ல." சொல்லிட்டாரு! முழுசாச் சொல்லிட்டாரு! யாரும் சிரிக்கலை. அதுவும் நாடகத்துக் குரல்னே நெனச்சுட்டாங்க போல, ஒருத்தர் திரும்பிக்கூடப் பாக்கலை. அதோ, யாரோ மூக்கை உறிஞ்சுறாங்க பாரு. நீயும்தான்! தொடச்சுக்கோ, கோட்டுல தொடைக்காத, இப்போதான் தைச்சிருக்கேன்.

உள்ளயா? இப்போவா? வேணாம்மா, நான் இங்கயே நிக்கிறேன். நீ கதவை மட்டும் ஒரு விரல் அளவுக்குத் தொறந்து வச்சுக்கோ. இன்னும் மூணு வசனம் பாக்கி இருக்கு.