வியாழக்கிழமை அட்டைகள்

"மம், டாட் ஏதோ சொல்றார், லிசன்—"

"சத்தம் பிள்ளை. அந்தத் தண்ணி கொதிக்கிற கேத்திலும்தான் சத்தம் போடுது."

"பெர் பென், பெர் பென் எண்டு, இது நாலாவது தரம்—"

"கேத்தில் அஞ்சாவது தரம்."

தேத்தண்ணிக்கு நான் எப்போதும் சாயம் கொஞ்சம் கூடப் போடுவேன். அன்றும் அப்படித்தான் ஊற்றினேன். மாசியில் எங்கள் வீட்டுக் குசினி மேசையைச் சுற்றி நாலு பேர் இருந்தோம். நான், மகள் மெலனி, பக்கவாதம் வந்து தமிழும் இங்கிலீசும் போய்விட்ட என் கணவர் பற்றிக், அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வைஷாலி என்ற கோயம்புத்தூர்ப் பிள்ளை. வீட்டில் வைத்துப் பார்க்கலாமா, நகரத்துக்கு அப்பால் பாபகூராவிலுள்ள பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்க, அவரை ஆஸ்பத்திரியிலிருந்து அரை நாள் கூட்டி வந்திருந்தார்கள். தனக்கு வேண்டியதை ஏதோ ஒரு சொல்லால் தெரிவிக்க முடிந்தால் வீடு. இல்லையென்றால் இல்லம்.

பற்றிக் இடக்கையால் சுவரைத் தட்டினார். "பெர் பென்."

"அம்மா, இது உங்க யாழ்ப்பாணத் தமிழா? எனக்குப் பிடிபடல," என்றாள் வைஷாலி.

தங்களுக்கு விளங்காத எதையும் யாழ்ப்பாணத்தின் தலையில் கட்டிவிடுவது அந்தப் பிள்ளைகளின் வழக்கம். "அப்பிடி ஒரு சொல்லு எங்களிட்டை இல்லைப் பிள்ளை," என்றேன். அது உண்மை. மன்னார் நீதிமன்றத்தில் பதினொரு வருடம் சுருக்கெழுத்தாளராக இருந்தவள் நான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது எப்படி என்று கேட்டுக் கேட்டே பழகியிருந்தேன்.

மெலனி விடவில்லை. "டாடின்ட அந்த ஈஜிப்ட் ஸ்டஃபா இருக்குமோ?"

"அது செத்த பாஷை. அதின்ர சத்தம் ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது எண்டு அப்பாவே எத்தினை தரம் சொன்னவர்? கல்லில வெட்டின படத்தை ஆர் கதைக்கிறது?"

அதுவும் பாதி உண்மை. பழைய எகிப்தியர் உயிரெழுத்துகளை எழுதி வைக்கவில்லை. படிக்கிறவர்கள் வசதிக்காக நடுவில் ஒரு 'எ' போட்டு வாசிப்பார்கள். பெர் என்றால் வீடு. பென் என்றால் இந்த. இந்த வீடு, இந்த வீடு என்றுதான் அவர் ஒவ்வொரு தரமும் சொன்னார்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஓய்வெடுத்த பிறகு பற்றிக் பழைய எகிப்திய மொழிக்குத் தமிழில் ஒரு சொல்லகராதி செய்யத் தொடங்கினார். அவருடைய கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஆகவே நாலாயிரம் அட்டைகளையும் நான்தான் எழுதினேன். ஒரு பக்கம் படம், மறுபக்கம் சொல். ஞாயிறு பூசை முடிந்து ஆட்கள் சாப்பிட வந்தால், கோப்பைகள் கழுவ முன்னமே பெட்டி வந்துவிடும். ஒரு அட்டையைத் தூக்கிப் பிடிப்பார். நான் சொல்வேன். "பிழை," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். "நாலாயிரம் எழுதியும் நாலு ஏறேல்லை," என்பார். இன்னும் சிரிப்பார்கள். ஒருமுறை அடுத்த நாள் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நான் சொன்னவை எல்லாம் சரி. அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஓம், தெரியும்," என்றார். "சனம் சிரிக்கட்டும் எண்டுதான். நீ ஏன் எல்லாத்தையும் பெரிசா எடுக்கிறாய்?"

விருந்தாளிகளுக்கு என்னைக் காட்டி 'ஹெமெத் தெஃப்' என்பார். அந்த மனைவி. தெஃப் என்பது தூரத்தில் இருப்பதையும், சில வேளை வேண்டாததையும் சுட்டுகிற சொல் என்று விளக்கமும் கொடுப்பார். நானும் சிரிப்பேன்.

அன்று குசினியில், சுவரைத் தட்டி ஓய்ந்த பிறகு, அவர் என் கையைப் பிடித்தார். "ஹெமெத் தென்," என்றார். இந்த மனைவி. அப்படி அவர் சொன்னது அதுவே முதல் தரம்.

"இப்ப என்ன சொல்றாரு, அம்மா?"

"பாவம்," என்றேன். "வாயில வாறதைச் சொல்லுறார்."

வைஷாலி எழுதிக்கொண்டாள். மெலனி அழுதுகொண்டே இல்லத்துக்கான தாளில் கையெழுத்து வைத்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவளுக்குத் தெரியாது.

நான் அவரைக் கைவிட்டதாக நினைக்க வேண்டாம். வியாழன்தோறும் பஸ் ஏறி, நகரத்தில் ரயில் மாறி, பாபகூராவுக்குப் போகிறேன். பன்னிரண்டு அட்டை கொண்டுபோவேன். இல்லத்தில் வேலை செய்யும் பிள்ளைகள், இந்த வயதில் இப்படி ஒரு அன்பா என்று ஆச்சரியப்படுகிறார்கள். நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது அட்டையைத் தூக்கிப் பிடிப்பேன்.

முதல் வியாழன் அவர் முகம் விரிந்ததைப் பார்த்திருக்க வேண்டும். தான் சொல்வது விளங்குகிற ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று எண்ணினார். தண்ணீர்ப் படத்துக்கு "மு" என்றார். சரியான சொல்.

"பிழை," என்றேன். அவருடைய குரலில்தான் சொன்னேன். மெதுவாக, சிரிப்போடு.

திரும்பவும் சொன்னார். பிழை. கட்டிலைத் தட்டிச் சொன்னார். பிழை. மூன்றாம் வியாழனில் தண்ணீருக்கு வேறு சொற்கள் தேடத் தொடங்கினார். அப்பத்தின் சொல்லை வீட்டுக்குச் சொன்னார், வீட்டின் சொல்லைக் கைக்குச் சொன்னார். அப்போது பிழை என்று சொல்ல எனக்குப் பொய்யும் தேவைப்படவில்லை. பிறகு அட்டையைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்தார். பிறகு அதையும் பார்க்கவில்லை.

அவர் வாய் திறந்து பதினொரு வியாழன் ஆகிறது. நான் கேட்டது அவ்வளவு இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து மேசையில் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தெரிந்த பிறகு நிறுத்துவதாகத்தான் இருந்தேன். இப்போது வீட்டில் கேத்தில் மட்டும்தான் சத்தம் போடுகிறது.

போன வியாழன் ஒரே ஒரு அட்டைதான் கொண்டுபோனேன். வீட்டுப் படம். அவர் முகத்துக்கு நேரே, கிட்டப் பிடித்தேன்.

"இந்த முறை சரி எண்டு சொல்லுவன் பற்றிக், சத்தியமாச் சொல்லுவன். இது என்ன?"