மூக்கை முதலில் திருத்தியவன்

பேசத் தெரிந்தவர்களையும் என்னைப் போன்ற வாயாடிகளையும் ஒரே புன்னகையோடு தாங்கிக்கொண்டு வீற்றிருக்கும் ஒளிப்படக் கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே! எனக்கு முன் பேசிக் கைத்தட்டல்களை அள்ளிக்கொண்டு அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மையார் அவர்களே! கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கும் செயலாளர் அவர்களே! கண் மங்கினாலும் கணிப்பு மங்காத பெரியவர்களே! பெற்றதோடு நில்லாமல் இன்றுவரை பொறுத்தும் வருகின்ற தாய்மார்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அழகுக்காகச் செய்யும் அறுவை சிகிச்சை ஒருவரை உண்மையிலேயே அழகாக்குகிறதா? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. ஆக்கும் என்றார் மருத்துவர். அவர் அறுத்துப் பார்த்தவர். நான் எடுத்துப் பார்த்தவன். அவருடைய மருத்துவமனையில்தான் பதினெட்டு ஆண்டுகளாகப் படம் எடுக்கிறேன். சிகிச்சைக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். முன் படத்துக்குத் தலைக்கு மேலே ஒற்றை விளக்கு. "சிரிக்காதீங்க, முடியைப் பின்னால தள்ளுங்க" என்பேன். பின் படத்துக்குப் பக்கத்திலிருந்து மெல்லிய ஒளி. "தலை சீவிட்டு வாங்கம்மா, கொஞ்சம் சிரிங்க" என்பேன். பாதி அழகை மருத்துவர் செய்தார், மீதிப் பாதியை விளக்கு செய்தது! அம்மையார் முறைக்கிறார். பின்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். ஐயா, அந்தச் சிரிப்பை வைத்தே சொல்வேன், நீங்களும் நம் தொழில்தான்!

அதற்காக, எல்லாமே ஏமாற்று என்று சொல்ல வந்தேனா? இல்லை. ரொட்டிக்கடை அடுப்பில் உதடு வெந்துபோன ஓர் அம்மா வந்தார். தண்ணீர் குடித்தால் ஓரமாக ஒழுகும். அதனால் நாலு பேர் முன்னால் எதையும் குடிக்கமாட்டார். சிகிச்சை முடிந்து மூன்றாம் மாதம் என் அறைக்கு வந்து, "தம்பி, எனக்கொரு டீ சொல்லுங்க" என்றார். என் எதிரிலேயே உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை குடித்தார். அந்தக் கத்திக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுவேன்.

ஆனால் என் வீட்டுக் கதை வேறு. என் மகளுக்கு வயது இருபத்துமூன்று. பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறாள். மூக்கு மட்டும் என்னுடையது, தாராளமான மூக்கு. போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "அப்பா, மூக்கைச் சின்னதாக்கிக்கப் போறேன். உங்க டாக்டரம்மாகிட்டயே தேதி வாங்கிட்டேன்."

எனக்கு வந்ததே கோபம்! "இந்த மூக்குக்கு என்னடி குறைச்சல்? லட்சணமான மூக்கு!" என்று வீடு அதிரக் கத்தினேன்.

அவள் கத்தவில்லை. எழுந்து கையைக் கழுவினாள். கூடத்துச் சுவருக்குப் போனாள். பள்ளி விழா, பத்தாம் வகுப்பு, பட்டமளிப்பு என்று அவள் படங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. எல்லாம் நான் எடுத்தவை. வேலை இடத்தில் யாரோ படம் எடுத்துக் கொடுத்த அடையாள அட்டையை அவற்றின் பக்கத்தில் பிடித்தாள்.

"இது என் மூக்கு. சுவத்துல இருக்கறதெல்லாம் நீங்க போட்ட மூக்கு. லட்சணமா இருக்குன்னா, ஏம்ப்பா எல்லாப் படத்துலயும் குறைச்சீங்க?"

சோற்றுக் கரண்டியோடு நின்ற என் மனைவி விட்டாளா? "நான் அப்பவே கேட்டேன், பிள்ளை முகம் ஒரு மாதிரி இருக்கேன்னு. லைட்டுன்னு சொன்னீங்க!"

அவையோரே! பழக்கதோஷம் என்பேனா? பாசம் என்பேனா? படம் திரையில் விழுந்ததும் நம் கை தானாக ஓடுகிறது. மருவை எடுக்கிறது, கருவளையத்தை வெளுக்கிறது, மூக்கை ஒரு நூல் அளவு உள்ளே தள்ளுகிறது. ஊருக்கெல்லாம் செய்ததை என் பிள்ளைக்கும் செய்தேன். நல்லது என்று நினைத்தே செய்தேன். ஒருமுறைகூட அவளைக் கேட்டதில்லை.

அறுவை அழகாக்குமா என்று கேட்கிறோமே, அழகில்லை என்று அவர்களிடம் சொன்னது யார் என்று கேட்டோமா? சில வீட்டில் அத்தை சொல்கிறார். சில வீட்டில் அண்ணன் சொல்கிறான். சிலருக்கு வேலை இடத்தில் கூட இருப்பவர் சொல்கிறார். என் வீட்டிலோ, ஒரு வார்த்தை பேசாமல், சட்டம் போட்டு, ஆணி அடித்து, நான் சொன்னேன்! பத்து வருடமாகச் சொன்னேன்! போகவர அவள் பார்க்கும் இடத்தில் மாட்டிவைத்துச் சொன்னேன்!

மறுநாள் திருத்தாத பழைய படங்களைத் தேடினேன். ஏழுதான் கிடைத்தன. மீதியை, கணினியில் இடம் அடைக்கிறது என்று நானே அழித்திருக்கிறேன். பெற்ற மகளின் சொந்த முகத்தை, இடம் அடைக்கிறது என்று! அந்த ஏழு படங்களையும் அச்சிட்டு மாட்டினேன். ஒவ்வொன்றாக நின்று பார்த்தாள்.

அவளுக்குக் கொடுத்த தேதி அடுத்த வியாழக்கிழமை. வேண்டாம் என்று அவள் இன்னும் சொல்லவில்லை. போகாதே என்று சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. அவள் முகம், அவள் முடிவு. ஆனால் நான் வரைந்த மூக்கைத் தேடி அவள் போகக்கூடாது. அந்த ஒன்றுக்காகத்தான் இந்த மேடை ஏறினேன்.

அவள் சம்மதத்தோடுதான் பேசினேன். அதோ, தூண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா, வந்தவர் போனவரெல்லாம் பார்க்கும் சுவரில் உன்னைக் குறைத்துக் காட்டினேன். அதனால் இத்தனை பேர் பார்க்கவே கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு.

என்னம்மா? "போதும்ப்பா, உட்காருங்க" என்கிறாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா, இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. உட்காருகிறேன். செவி கொடுத்த உங்கள் அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும்.