பெரட்டுக்கு வந்தவங்க

— ஜெசீகா மிஸ்... கண்ணத் தொறங்க. எவ்வளவு நேரந்தான் இப்படி மூடிக்கிட்டே நிப்பீங்க?

— பயமா இருக்கு நிரஞ்சலாக்கா. காலையில பேர் பதியிற பெரட்டுல ஆளு நிக்கிறாங்களான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. போன வாரம் மாதிரி வெறிச்சோடிக் கெடந்தா, தோட்டத்துத் தொரை ஆளில்லன்னு இன்னைக்கே கீழ் டிவிஷன மூடிடுவாரு.

— மூடுவாரு மூடுவாரு! கங்காணி பேர் கூப்புட்டே தொண்ட கட்டிப்போயி நிக்கிறாரு. நிக்க எடமில்ல மிஸ்!

— பொய் சொல்லாதீங்க...

— நான் எதுக்குப் பொய்... அந்தா, அற்புதமலர்! எல்ல டவுனுக்கு, டூரிஸ்ட் ஹோட்டல்ல ரூம் கூட்டப் போனவ. கூடையோட நிக்கிறா.

— அவங்களா! இனி மலைப்பக்கமே தலவச்சுப் படுக்க மாட்டேன்னாங்களே?

— சொன்னா. அன்னைக்கி அவ அக்காகூட பெக்டரிக்கு வந்து, அக்கா பறிச்ச கொழுந்துத் தேத்தண்ணிய வெள்ளக் கோப்பையில ஒரு மொடக்கு குடிச்சாளே... "நம்ம மலை இம்புட்டு ருசியா?"ன்னு அழுதவதான்.

— பெக்டரியப் பாக்குற றொனி ஐயா தொரைகிட்ட மல்லுக்கட்டலேன்னா, அந்த ருசி பாக்குற ரூம் கதவு தொறந்தே இருக்காது.

— டீமேக்கர்னா அவருல்ல டீமேக்கரு! ஆனா மிஸ், அதுக்கு முன்ன, ஆளுங்க தோட்டத்த விட்டுப் போகக் கூடாதுன்னு கம்பெனி சொல்லி, வெல்பெயார் மிஸ்ஸா நீங்க வச்சீங்களே ஒரு வெளாட்டு...

— ஐயோ, அத ஞாபகப்படுத்தாதீங்க!

— சங்கீதக் கதிரை! நாள் முழுக்க மலையில நின்ன காலு... பாட்டு நின்னதும் கதிரையில ஒக்காந்தவங்க, திரும்பப் பாட்டு போட்டும் ஒருத்தி எந்திரிக்கல!

— நீங்களுந்தான் எந்திரிக்கல!

— எவ எந்திரிப்பா?

— சிரிக்காதீங்கக்கா. எனக்கு அழுகையே வந்துருச்சு. நீங்கதானே, "பாட்ட நிறுத்திட்டு நீங்களும் ஒக்காருங்க"ன்னு...

— ஒக்காந்தீங்க. அதுக்கப்புறந்தானே ஒவ்வொருத்தியா வாயத் தொறந்தா.

— "நாங்க பறிக்கிற தேயில என்ன ருசின்னே எங்களுக்குத் தெரியாது"ன்னாங்க பாருங்க... அன்னைக்கே றொனி ஐயாகிட்ட ஓடுனேன்.

— நமக்குக் குடுக்குறது கழிவுத் தூளுதானே மிஸ். இப்பக் கேளுங்க, மேமலைக் கொழுந்து ஒசத்தியா, கீழ்மலையான்னு பெரட்டுலயே சண்ட!

— ஸ்ஸ்... தொரை வாறாரு. என்னமோ சொல்றாரு...

— கீழ் டிவிஷன் மூடலயாம்! கேக்கலயா?

— கேட்டுச்சு... திரும்பச் சொல்லுங்க.

— மூடல மிஸ்! ஜெயிச்சிட்டோம்!

— ஐயோ அக்கா... கைய விடுங்க, வளையல் ஒடையப் போவுது!

— ஒடையட்டும்! மிஸ்... ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது.

— சொல்லுங்க. இன்னைக்கு யார்மேலயும் கோவம் வராது.

— எனக்கே நம்பிக்க இல்ல மிஸ். எல்லயில ஒரு ஹோட்டலுக்கு... நாளைக்கே சமையலுக்கு வாறேன்னு சொல்லி வச்சிருந்தேன்.

— எந்த ஹோட்டல்?

— பாலத்துப் பக்கம் புதுசா கட்டுனது.

— மொதலாளி... எந்நேரமும் தொப்பி போட்டிருப்பாரே, அவரா?

— அவரேதான்! ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?

— இருங்க, நானே போன் போடுறேன். நாளைக்கு சமையலுக்கும் ஆள் வராது, ரிசப்ஷனுக்கு வாறேன்னவளும் வரமாட்டான்னு சேத்தே சொல்லிடுறேன்.