சுவரெல்லாம் அருள்பாண்டி

— திரும்பச் சொல்லு மாப்ள. அவன் பேரு என்ன?

— அருள்பாண்டி, மாமா.

— என் பேரை நான் கேக்கல. எனக்கு எதிரா சுயேச்சையா மனு போட்டிருக்கானே, அவன் பேரைக் கேக்குறேன்.

— அதைத்தான் சொல்றேன் மாமா. அவன் பேரும் அருள்பாண்டி. உங்களுக்கு முன்னால மு, அவனுக்கு முன்னால க. எழுமலைக்கு அங்கிட்டுக் காலனிக்காரன். மத்தபடி எழுத்துக்கு எழுத்து ஒண்ணுதான்.

— பரிசீலனை அன்னைக்கே ஒரு ஆட்சேபணையக் கிளப்பி மனுவைக் காலி பண்ணிருக்கலாம்ல. நீ எங்க போயிருந்த?

— மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல நின்னேன். கிரேன்ல தூக்கிப் போடுற மாலை வேணும்னு நீங்கதான சொன்னீங்க? அந்த மாலைக்கு மல்லியப்பூ கொண்டாந்து எறக்குனதே அவன் வண்டிதான் மாமா. பூ வண்டி ஓட்டுறான்.

— இது எதிர்க்கட்சிக்காரன் வேலை.

— போன தடவை நாம பண்ணுனதுதான மாமா இது. முத்துத்தாய் அக்கா நம்மளை எதிர்த்து நின்னப்ப, தொகுதி பூராத் தேடி மூணு முத்துத்தாயப் பிடிச்சு சுயேச்சையா நிப்பாட்டலையா?

— அது வியூகம். இது துரோகம்.

— ரெண்டுக்கும் ஒரே ஃபாரம்தான் மாமா.

— சரி, மிஷின்ல படம் இருக்கும்ல? மொகத்தப் பார்த்துப் போட்டுட்டுப் போறாங்க.

— அதுலதான் சிக்கல். போஸ்டர் பூரா உங்க முப்பது வயசுப் படம். மிஷின்ல ஒட்டுறது இப்ப எடுத்த படம். யாரு இந்தப் பெரியவருன்னு சனம் கேக்கும். பக்கத்துலயே அவன், கருகருன்னு மீசையோட இருக்கான். போஸ்டர்ல உள்ள அருள்பாண்டி மாதிரியே இருக்கான் மாமா.

— சின்னம் வேறல்ல?

— இது உங்களுக்கு நாலாவது கட்சி. போன வாரம் செக்கானூரணியில வேன் மேல நின்னு நீங்களே மூணாவது கட்சி சின்னத்தைத்தான கையில காட்டுனீங்க. நான் கீழ இருந்து உங்க வேட்டியப் பிடிச்சு இழுக்கிறேன், நீங்க அதையும் தொண்டன் பாசம்னு நெனச்சுக் கும்பிட்டீங்க.

— அதை விடு.

— எப்படி விட? அதனாலதான சுவர்ல சின்னத்தைச் சின்னதாப் போடு, பேரைப் பெருசாப் போடுன்னு சொன்னீங்க. சின்னம் மாறும், பேரு மாறுமான்னு கேட்டீங்க. இப்பப் பாருங்க, எழுமலையில இருந்து உசிலம்பட்டி வரைக்கும் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அருள்பாண்டி. அம்புட்டும் அவனுக்கும் சேர்த்து எழுதுனதாப் போச்சு.

— போன தடவை எம்புட்டு ஓட்டுல தோத்தேன்?

— ஒரு தெரு ஓட்டு மாமா. பெரிய தெரு கூட இல்ல.

— இந்தத் தடவையும் தோத்தா கட்சி ஆபீஸ்ல செருப்பு விடுற எடத்துலதான் என்னைய நிக்க வைப்பாங்க, மாப்ள. அஞ்சாவதாப் போறதுக்குக் கட்சியும் இல்ல.

— அதான் அவனை இங்கயே வரச் சொல்லிட்டேன். மூணு மணி வரைக்கும் வாபஸ் வாங்கலாம். இன்னும் நேரம் கெடக்கு. தன்மையாப் பேசுங்க. மிரட்டுற சோலிய என்கிட்ட விட்டுருங்க.

— வாசல்ல என்ன சத்தம்?

— பொம்பளைக கூட்டமா நிக்கிறாக.

— ஆரத்தியா? சட்டைய மாத்திட்டு வந்துரவா?

— தட்டு எதையும் காணோம் மாமா. அந்தா வாரான் பாருங்க, அவன்தான்.

— வாப்பா, வா. உக்காரு. மாப்ள, தம்பிக்கு எளநி வெட்டச் சொல்லு.

— வேணாம்ணே. வண்டியில தண்ணி இருக்கு.

— அய்யான்னு கூப்புடணும் தம்பி. எங்க மாமா ரெண்டு தடவை எம்எல்ஏ.

— உங்க வேன்ல 'உங்கள் வீட்டு அண்ணன்'னு எழுதியிருந்துச்சு. அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டேன்.

— விடு மாப்ள. நான் சாதாரணத் தொண்டன். தம்பி, ஒளிக்காமச் சொல்லு, உன்னைய நிப்பாட்டுனது யாரு?

— நானாத்தாண்ணே நிக்கிறேன்.

— இந்த அருள்பாண்டி இருபத்தஞ்சு வருசமா அரசியல்ல இருக்கான் தம்பி. எவன் எவனை நிப்பாட்டுவான்னு எனக்குத் தெரியாதா?

— எனக்கும் வயசு அம்புட்டுதான்ணே. அதான் இந்தத் தடவை நிக்க முடிஞ்சிச்சு.

— என் பேரைப் பார்த்துத்தான உன்னைய நிப்பாட்டிருக்காங்க? உனக்கு இந்தப் பேரை எவன் வச்சான்?

— நீங்கதான்.

— யாரு?

— நீங்கதான்ணே. உங்க மொத எலெக்சன். வேன் எங்க காலனிக்கு வந்துச்சு. எங்கப்பா கருப்பு என்னையத் தூக்கி உங்க கையில குடுத்தாரு. பீமாராவ்னு பேரு சொல்லுங்கன்னு காதுல சொல்லித்தான் குடுத்திருக்காரு. நீங்க மைக்கைப் பிடிச்சு, இந்தச் சிங்கக்குட்டிக்கு என் பேரையே சூட்டுகிறேன்னு சொல்லிட்டீங்க.

— பாத்தியா மாப்ள? கேட்டுக்க. நான் வச்ச பேரு. அப்ப நீ என் பிள்ளை மாதிரிடா. கூட்டம் கைதட்டியிருக்குமே?

— தட்டுச்சாம். எங்கப்பா தட்டலையாம்.

— அந்தக் காலத்துலயே காலனிக்குள்ள வந்து தண்ணி குடிச்சவன்யா நான். கேட்டுப் பாரு, எவன் குடிச்சான்?

— சோடாண்ணே. உங்க வேன்லயே வந்த பாட்டில் சோடா. ஃபோட்டோ எடுத்து முடிச்சதும் அதையும் பாதியில வச்சிட்டுப் போயிட்டீங்கன்னு அம்மா சொல்லும்.

— பேச்சு நீளுது தம்பி.

— சும்மா இரு மாப்ள. சரிப்பா, ஒரு ஆசையில வச்சிட்டேன். பிடிக்கலைன்னா மாத்திருக்க வேண்டியதுதான?

— மாத்தத்தான் போனேன். காலேஜ் படிக்கிறப்ப, பீமாராவ்னு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்தேன். நீங்க அப்ப எம்எல்ஏ. தாலுகா ஆபீஸுக்கு யாருக்கோ போன் போட்டு, என் பேரு அவனுக்குக் கசக்குதாமான்னு கேட்டிருக்கீங்க. அதோட என் ஃபைல் படுத்துருச்சு.

— நானா? மாப்ள, நானா அப்படிச் சொன்னேன்?

— ஸ்பீக்கர்ல போட்டுச் சொன்னீங்க மாமா. பக்கத்துல இருந்தவுக எல்லாம் சிரிச்சாக.

— சரி, இப்ப மாத்தித் தாரேன். இன்னைக்கே மாத்தித் தாரேன். போடு போனை.

— இனி மாத்தி என்ன மாமா? மனுவுல பேரு ஏறிருச்சு. வாபஸ் ஒண்ணுதான் வழி.

— அப்ப வேற கேளு தம்பி. ஒரு வாரியத்துல உறுப்பினர் பதவி? உங்க ஊருக்கு ஒரு சமுதாயக் கூடம்?

— பாலம் ஒண்ணு பாக்கி இருக்குண்ணே.

— எந்தப் பாலம்?

— எங்க ஓடைக்கு. என் பேருள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போறதுக்குள்ள இங்க பாலம் வரும்னு அதே மைக்குலதான் சொன்னீங்க. நான் காலேஜே முடிச்சிட்டேன். மழை பேஞ்சா இன்னமும் வண்டிய அக்கரையிலதான் நிப்பாட்டுறேன். பூக்கூடையத் தலையில வச்சு, இடுப்பளவு தண்ணியில வாரோம்.

— அடிக்கல் நாட்டுனேனே.

— நாட்டுனீங்க, மூணு தடவை. மூணு கல்லுலயும் மூணு கட்சிக் கலர். அதுகளை வரிசையாப் படுக்கப் போட்டிருந்தாக்கூட பாதி ஓடை நடந்திருப்போம்.

— மாமா, நீங்க கொஞ்சம் இருங்க. தம்பி, நான் வெவரமா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. உன் வண்டி விடியிறதுக்கு முன்னாடி தனியா வருது. ரோடு பூரா இருட்டு. பாத்து ஓட்டணும்ல?

— பாத்துத்தான் ஓட்டுறேன்ணே. அதுக்குத்தான் வாசல்ல அவுக வந்து நிக்கிறாக. பூ எடுக்கிற பொம்பளைக, தோட்டக்காரவுக. வேணாம்னுதான் சொன்னேன், கேக்கல. நீங்க சொன்னதைச் சன்னல்ல நின்னு இன்னொருக்கச் சத்தமாச் சொல்லுங்க, அவுகளும் கேக்கட்டும்.

— மாப்ள, வாய மூடு. தம்பி, அவன் கெடக்கான். அவனுக்கு அரசியல் நாகரிகம் தெரியாது.

— இன்னொண்ணும் இருக்குண்ணே. தேர்தல் ஆபீஸ்ல கூப்பிட்டுச் சொன்னாங்க. ஒரே பேரா இருந்தா, அடையாளத்துக்குப் பக்கத்துல தொழிலைப் போடணுமாம். எனக்குப் பூ வியாபாரம்னு குடுத்துட்டேன்.

— எனக்கு?

— அதைத்தான் மாமா காலையில இருந்து உங்ககிட்ட எப்படிக் கேக்குறதுன்னு இருக்கேன். உங்க தொழில் என்ன?

— மக்கள் பணி.

— அது தொழில்ல வராதாம் மாமா.

— விவசாயம்னு போடு.

— நெலத்தைத்தான் பிளாட் போட்டு வித்தாச்சே.

— அரசியல்னு போட்டுத் தொலை.

— பூ வியாபாரத்துக்குப் பக்கத்துல அது நல்லா இருக்காது மாமா.

— தம்பி, இப்ப அருள்பாண்டியா பேசல, ஒரு அப்பனாப் பேசுறேன். கையெடுத்துக் கும்பிடுறேன். இந்தத் தேர்தல் எனக்குக் கடைசி வண்டி. உனக்கு வயசு இருக்கு, அடுத்த தடவை நில்லு, நானே வந்து முன்மொழியிறேன். இந்த ஒரு தடவை வாபஸ் வாங்கிரு.

— கையக் கீழ போடுங்கண்ணே. சங்கடமா இருக்கு.

— வாங்குறேன்னு சொல்லு, போடுறேன்.

— அதுக்குத்தான்ணே வந்தேன். வாபஸ் ஃபாரத்தைக் கையோட கொண்டாந்திருக்கேன். இந்தாங்க.

— பாத்தியா மாப்ள? பாத்தியாடா? நீ இருட்டு ரோடு அது இதுன்னு பேசுன. என் பேரை வச்ச பிள்ளை எனக்குத் துரோகம் பண்ணுமா? பேனாவை எடு. மணி என்ன?

— ரெண்டரை தாண்டிருச்சு மாமா. போய்ச் சேந்துரலாம். கார எடுக்கச் சொல்றேன்.

— அப்படியே அந்த ஃபோட்டோகிராபரையும் கூப்பிடு. அண்ணனுக்காக விட்டுக்கொடுத்த தம்பின்னு நாளைக்குப் பேப்பர்ல வரணும். தம்பி, ஏன் இன்னும் கையெழுத்துப் போடாம நிக்கிற? மனசுல எதுவும் இருந்தா சொல்லிரு.

— ஒரே ஒரு பயம்தான்ணே. பூக்காரச் சனம் அம்புட்டும் ஒரு முடிவுக்கு வந்துருச்சு. காலனியும் மேலத்தெருவும் ஒண்ணா உக்காந்து பேசி, எங்க ஊருல நான் பார்த்ததே இல்ல. இந்தத் தடவை பேசியிருக்கு. ஆனா வயசானவுக நெறைய. மிஷின்ல ஒரே பேரு ரெண்டு தடவை இருந்தா கை தடுமாறும்.

— தடுமாறும்தான். அதான நானும் காலையில இருந்து கத்திக்கிட்டு இருக்கேன். சட்டுனு போடு கையெழுத்தை.

— மாமா, கொஞ்சம் இருங்க. அந்த ஃபாரத்தை இங்கிட்டுக் காட்டுங்க. இதுல மு. அருள்பாண்டின்னுல்ல எழுதியிருக்கு.

— ஆமாண்ணே, இது உங்க ஃபாரம். எனக்கு விழ வேண்டிய ஓட்டு தெரியாத்தனமா உங்களுக்கு விழுந்துரக் கூடாதுல்ல, நீங்க கையெழுத்தைப் போடுங்க, என் பூ வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன்.