சூடானால் நின்றுவிடும் படகு எஞ்சின்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, பட்டறைத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே! கனத்த மனதோடு வணங்குகிறேன்.

இந்தப் பட்டறையில் வாய் ஓயாமல் பேசுகிறவன் நான். என் வாயை அடக்கத் தெரிந்த ஒரே மனிதர் காயில் அண்ணன். அவர் போய்விட்டார்!

பழைய எஞ்சின்களைப் பழுதுபார்த்து ஓட வைக்கும் நம் சங்கத்தில், தீப்பொறி தரும் காயிலைச் சோதிப்பது அவர் வேலை. நாமெல்லாம் எப்படிச் சோதிப்போம்? மீட்டரை வைப்போம், மின்தடை சரியாகக் காட்டினால் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போவோம். அண்ணனோ காயிலைச் சூடேற்றிவிட்டு மறுபடியும் மீட்டரை வைப்பார். "ஆறியிருக்கும்போது எல்லா காயிலும் நல்ல பிள்ளைதான்டா. சூட்டுல பாரு, வேஷம் கலையும்" என்பார். கலைந்ததா? கலைந்தது! நான் மார்தட்டிக் கொடுத்த காயில்கள் எத்தனை அவர் மேஜையில் பல்லிளித்தன!

அதோ நிற்கிறதே படகு எஞ்சின், அது அண்ணியின் அப்பாவுடையது. சிறுவயதில் அதன் சத்தத்தை வைத்துத்தான் அப்பா கரைக்கு வருவதை அண்ணி அறிவாராம். அதை மறுபடி ஓட வைக்கிறேன் என்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். எல்லாம் முடித்தார். காயில் மட்டும் மக்கர் செய்தது. முதலில் நன்றாகப் பொறி தட்டும். சூடானதும் உள்ளே எங்கோ கம்பி தொடர்பு விட்டு, பொறி செத்துவிடும். புதுக்கம்பி வந்து சுற்றும்வரை யாரும் எஞ்சினைத் தொடக்கூடாது என்றுவிட்டார்.

"ஒரு தடவை ஓட்டித்தான் பாப்போமேண்ணே" என்று கெஞ்சினேன்.

"பாதியில நின்னா அவ மனசு உடைஞ்சிடும்டா" என்றார்.

கம்பி வந்தது. சுற்றக் கை இல்லையே!

நேற்று அண்ணியிடம் இதைச் சொன்னேன். "நின்னா நின்னுட்டுப் போகட்டுமே தம்பி! கொஞ்ச நேரம் ஓடியிருந்தாலும் ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டிருப்போமே. இந்த மனுஷன் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா?" என்றார். காயில் விஷயத்தில் ஒருநாளும் தவறாத அண்ணன் இதில் தவறிவிட்டார். இரங்கல் கூட்டத்தில் இதைச் சொல்லலாமா? சொல்லாமல் எப்படி இருப்பேன்? மனசு ஆறவில்லையே!

தோழர்களே! அந்தக் கம்பியை நாம் சுற்றுவோம். சூட்டில் தேறாத எந்தக் காயிலும் இனி இந்தப் பட்டறை வாசலைத் தாண்டாது. இது உறுதி! ஆனால் அது நாளைய வேலை.

இன்று அந்தப் பழைய காயிலையே மாட்டி வைத்திருக்கிறோம். அண்ணி, எழுந்து வாருங்கள். எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஹாண்டிலைப் பிடியுங்கள், நானும் கூடப் பிடிக்கிறேன். எஞ்சின் ஓடும். கொஞ்ச நேரத்தில் சூடேறி நின்றும் போகும். நிற்கும்போது யாரும் ஓடிவந்து கைவைக்காதீர்கள். அண்ணன் சொன்னது சரிதான் என்று அது சொல்வதையும் கேட்டுவிட்டே கலைவோம்.