ராக்காயி அணைக்க விடாத சூடம்

அது கரண்டுக் கம்பி நம்ம ஊருக்குள்ள வராத காலம். வெள்ளக்காரன் போயி, நமக்குன்னு புதுசா சட்டம் எழுதி, ஆம்பளைக்கும் ஓட்டு பொம்பளைக்கும் ஓட்டுன்னு சொன்ன காலம். அப்ப இதே நொச்சிக்கரையில முத்திருளாண்டி அம்பலம்னு ஒருத்தரு இருந்தாராம். கம்மாய் மடையத் தொறக்கணும்னா அவரு சொல்லணுமாம். கல்யாணத்துக்குப் பந்தக்கால் ஊனணும்னா அவரு வந்து நிக்கணுமாம். அவரு துண்ட உதறித் தோள்ல போட்டாருன்னா பேச்சு முடிஞ்சதுன்னு அர்த்தமாம்.

அந்த அம்பலத்துக்கு ரெண்டு பொண்டாட்டி. மூத்தவ ராக்காயி. இளையவ பஞ்சவர்ணம். நான் பஞ்சவர்ணத்து வம்சம். ஆனா இன்னைக்கு நான் சொல்லப்போறது மூத்தவ கதைய.

ராக்காயி எப்படிப்பட்டவ? நல்ல வேலைக்காரி, கையும் தாராளம். ஆனா பொறாமைன்னா அப்படி ஒரு பொறாமையாம். சும்மா வரல அது. கல்யாணமாகி வந்தப்ப நடுவீட்டு அறை அவளுக்குத்தான் குடுத்திருந்தாக. புள்ள பொறக்கலன்னு அம்பலம் இளையவளக் கட்டிக்கிட்டு வந்தாரு. அறை இளையவளுக்குப் போச்சு. ராக்காயி பாத்தாளாம், வயிறு எரிஞ்சாளாம். நெல்லுக் கொட்டி வைக்கிற குலுக்கைச் சாவி மூத்தவ இடுப்புல தொங்குச்சு, அதுவும் இளையவ இடுப்புக்குப் போச்சு. பாத்தாளாம், வயிறு எரிஞ்சாளாம். திருவிழாவுக்கு வண்டி கட்டுனா அம்பலத்துக்குப் பின்னால யாரு உக்காருறது? இளையவ. பாத்தாளாம், வயிறு எரிஞ்சாளாம். கடைசியில பஞ்சவர்ணத்துக்கு ஒரு ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. அந்தப் புள்ள தூளியில கெடந்து கால ஆட்டுறப்ப, ராக்காயி அடுப்படியில நின்னுக்கிட்டு அந்தக் காலையே பாத்துக்கிட்டு இருப்பாளாம். பானை பொங்கி வழியறது கூடத் தெரியாதாம்.

இப்படி இருக்கையில பஞ்சாயத்து எலெக்சன் வந்துச்சு. ஊருக்குத் தலைவர ஊருதான் தேர்ந்தெடுக்கணும்னு தண்டோராப் போட்டாக. அம்பலம் சிரிச்சாராம். "எங்க பாட்டன் காலத்துலேர்ந்து நாங்கதானய்யா தலைவரு. இதுல தேர்ந்தெடுக்க என்ன இருக்கு?"

ஆனா எதுத்து ஒருத்தரு நின்னுட்டாரு. பேரு சந்தனம். கொழும்புல கடை வச்சிருந்துட்டுத் திரும்பி வந்த ஆளு. வரும்போதே பேட்டரி ரேடியோவும், மைக்செட்டும், புனலு கணக்கா ஒரு ஸ்பீக்கரும் கொண்டாந்துட்டாரு. அவரு கடை வாசல்ல எந்தத் தெருக்காரனும் யாருக்குச் சமமா வேணும்னாலும் உக்காந்து ரேடியோ கேக்கலாம்னு வச்சாராம். அதுவே அம்பலத்துக்குப் பொறுக்கல. அதுக்கு மேல இன்னொண்ணு. அந்தச் சந்தனம், பஞ்சவர்ணம் பொறந்த ஊருக்காரரு. சின்ன வயசுல ஒரே தெருவாம். அது அம்பலத்து மனசுல முள்ளா நின்னுச்சு.

சந்தனம் ஸ்பீக்கர புளியமரத்து உச்சியில கட்டிட்டாரு. அது பேசுனா அம்பலத்து வீட்டு மதிலத் தாண்டி அடுப்படி வரைக்கும் கேக்குமாம். கடைக்குப் போக முடியாத பொம்பளைகளுக்குப் பேச்சு தானா நடந்து வீட்டுக்குள்ள வந்துச்சு. ஒருநா சாயங்காலம் சர்க்காரு ஜீப்புல வந்த ஒரு அம்மா அந்த மைக்கப் பிடிச்சுச் சொன்னாகளாம்:

"தாய்மாரே, உங்க ஓட்டு உங்களுக்கு மட்டும்தான் சொந்தம். திரைக்கு அந்தப் பக்கம் யாரும் வர மாட்டாங்க. யாருக்குப் போட்டீங்கன்னு அதிகாரி கேக்க முடியாது, பெத்த தகப்பன் கேக்க முடியாது, கட்டின புருஷனும் கேக்க முடியாது."

ராக்காயி குலுக்கைக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டாளாம். பஞ்சவர்ணம் அந்தப் பக்கம் நின்னு கேட்டாளாம். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாகளாம்.

எலெக்சன் நாளு வந்துச்சு. பள்ளிக்கூடத்துல ரெண்டு பெட்டி. அம்பலத்துக்கு மஞ்சப் பெட்டி, சந்தனத்துக்குப் பச்சப் பெட்டி. முன்னால வேட்டியில ஒரு திரை. ஒவ்வொரு ஆளா உள்ள போயி, சீட்ட எந்தப் பெட்டியில போடணுமோ போட்டுட்டு வரணும். ராக்காயி வந்தா. அதிகாரி சீட்ட நீட்டுனாரு. வாங்கித் திருப்பிப் பாத்துட்டு ராக்காயி கேட்டாளாம்:

"ஐயா, பின்னால ஒருத்தி நிக்கிறா பாருங்க, செவப்புச் சேலை. அவளுக்கும் இதே சீட்டுதானா?"

"ஆமாம்மா."

"நான் மூத்தவ. எனக்குக் கொஞ்சம் பெருசாக் கெடையாதா?"

"எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. எங்க கலெக்டருக்கும் இதே சீட்டுதான்."

"கலெக்டருக்கு இருக்கட்டும்யா. இவளுக்கும் இதேதான்னா எனக்கு என்ன மரியாதை?" ன்னு முணங்கிக்கிட்டே உள்ள போனாளாம். பாத்தீகளா, அங்க போயும் பொறாமை!

ஆனா திரைக்குள்ள போனதும் அவளுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சாம். என்ன பண்றன்னு கேக்க ஆளில்ல. ஏன் நிக்கிறன்னு கேக்க ஆளில்ல. மாமியா இல்ல, புருஷன் இல்ல, இளையவ இல்ல. ரெண்டு பெட்டியும் அவளும். சீட்ட நெஞ்சோட வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்னாளாம். அப்பறம் போட்டா. எதுல போட்டா? அது தெரியாது.

அன்னைக்குப் பொழுது சாயவே எண்ணிப்புட்டாக. அம்பலம் தோத்துட்டாரு. சந்தனம் செயிச்சாரு. ஸ்பீக்கர்ல பாட்டு அலறுது, தெருவெல்லாம் வெடி. அம்பலம் வீட்டுக்கு வந்து துண்ட உதறவே இல்ல. சாப்பிடல. சுவரப் பாத்தே உக்காந்திருந்தாரு.

ராக்காயிக்கு அந்த நேரத்துலயும் வயிறு எரியுது. ஏன்? தோத்துட்டு வந்த மனுசனுக்குத் தண்ணி கொண்டு போனது இளையவ. அவ கையிலேர்ந்து ஒரு வாய் குடிச்சாரு. மறுநா காலையில ஊருணிக்குத் தண்ணிக்குப் போன எடத்துல ராக்காயி வாயி சும்மா இருக்கல.

"எங்க வீட்டுச் சின்னவ திரைக்குள்ள போனவ ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்தா. வரும்போது சிரிச்சுக்கிட்டு வந்தா. அவ ஊருக்காரன்தான எதுத்து நின்னான்."

இவ்வளவுதான் சொன்னா. ஊருணியில சொன்ன பேச்சு குடத்துல ஏறி வீடு வீடாப் போச்சு. பொழுது உச்சிக்கு வர்றதுக்குள்ள அம்பலத்துக் காதுக்கு வந்துருச்சு.

மனுசன் கொதிச்சுப் போயிட்டாரு. "ஊரு என்னைய வேண்டாம்னு சொன்னது இருக்கட்டும். என் வீட்டுக்குள்ள இருந்து ஒரு சீட்டு அவன் பெட்டிக்குப் போயிருக்கா? அது எனக்குத் தெரியணும்." ராக்காயிக்கு இளையவ மேல எப்படியோ, அப்படி அம்பலத்துக்கு அந்தத் திரை மேல பொறாமை வந்துருச்சு. தான் பாக்க முடியாத ஒரு எடத்துக்குத் தன் பொண்டாட்டி போயிட்டு வந்துட்டாளே!

காளி கோயில் வாசல்ல ஊரக் கூட்டிட்டாரு. தாம்பாளத்துல சூடம். "பஞ்சவர்ணம், உன் புருஷனுக்குத்தான் போட்டேன்னு சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு. பண்ண முடியலன்னா தாலியக் கழட்டி வச்சுட்டு உன் ஊருக்குப் போ. புள்ள இங்கதான் இருக்கும். பெரியவ வளத்துக்கிடுவா."

கேட்டீகளா? புள்ளைய ராக்காயி வளத்துக்கிடுவா. அந்தக் காலு, தூளிக்குள்ள ஆடுமே அந்தக் காலு, இனிமே அவ மடியில. அறை திரும்பி வரும். சாவி திரும்பி வரும். ராக்காயி செய்ய வேண்டியது ஒண்ணுமே இல்ல. வாய மூடிக்கிட்டு நின்னாப் போதும். நின்னா. நல்லாத்தான் நின்னா. இடுப்புல கைய வச்சுக்கிட்டு, இளையவ அழறத கண்ணாரப் பாத்துக்கிட்டு நின்னாளாம்.

சூடத்தப் பத்த வச்சாக. பஞ்சவர்ணம் புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு, இன்னொரு கைய நீட்டுனா. அப்பத்தான் அம்பலம் ராக்காயி பக்கம் திரும்பி, சாதாரணமா, வெத்தலை கேக்குற மாதிரிச் சொன்னாராம்:

"இவ முடிச்சதும் நீயும் ஒரு தடவை அணைச்சிரு. ஒரு பேச்சுக்கு."

ராக்காயிக்கு அந்தத் திரை ஞாபகத்துக்கு வந்துச்சாம். சீட்ட நெஞ்சோட வச்சு நின்ன நிலை ஞாபகத்துக்கு வந்துச்சாம். விறுவிறுன்னு போனா. நீட்டுன கையோட மணிக்கட்டப் பிடிச்சுட்டா.

"எடுடி கைய!"

"விடுக்கா, அணைச்சுட்டுப் போயிர்றேன். புள்ளைய விட்டு என்னால இருக்க முடியாதுக்கா."

"நீ யாருக்குப் போட்டேன்னு எனக்கு வேண்டாம். இந்தாளுக்கும் வேண்டாம். எடு கைய."

அம்பலம் எந்திரிச்சுட்டாரு. "ராக்காயி! நீ என்ன இவளுக்குப் பரிஞ்சு வர்ற?"

"இவளுக்கா? எனக்கு இவளக் கண்டாலே ஆகாது. அது ஊருக்குத் தெரியும். இவ புள்ள மேல எனக்கு உசிரு. அதுவும் ஊருக்குத் தெரியும். இவ சிரிச்சான்னு ஊருணியில சொன்னது நான்தான். இவ கையில நீங்க தண்ணி குடிச்ச வயித்தெரிச்சல்ல சொன்னேன். ஆனா ஒண்ணு கேக்கேன். அறைய நீங்க குடுத்தீக, நீங்களே பிடுங்கிக்கிட்டீக. நான் பேசல. சாவிய நீங்க குடுத்தீக, நீங்களே பிடுங்கிக்கிட்டீக. நான் பேசல. இந்த ஓட்ட நீங்களா குடுத்தீக? நீங்க குடுக்காதத நீங்க எப்படிக் கேப்பீக? இன்னைக்கு இவ வாயத் தொறந்தா நாளைக்கு நான் தொறக்கணும். நாளன்னைக்கு இங்க நிக்கிற அத்தனை பொம்பளையும் தொறக்கணும். என் வாழ்நாள்ல பங்கு போடாம எனக்குன்னு கெடச்சது அது ஒண்ணுதான். அத நான் விட மாட்டேன்."

"அப்ப நீ யாருக்குடி போட்ட?"

"சொல்ல மாட்டேன்."

பூசாரி தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. ராக்காயி அந்த மணிக்கட்ட விடாம அப்படியே மண்ணுல உக்காந்தாளாம். அவளப் பாத்துப் பின்னால நின்ன ஒருத்தி வந்து உக்காந்தா. இன்னொருத்தி வந்தா. கொழுந்தியா வந்தா, மடை திறக்குறவன் பொண்டாட்டி வந்தா. தாம்பாளத்தச் சுத்திப் பொம்பளைக உக்காந்துட்டாக. யாரும் கை நீட்டல. சூடம் எரிஞ்சுச்சு, எரிஞ்சுச்சு, தானா எரிஞ்சு முடிஞ்சுச்சு. சத்தியம் இல்லாம முடிஞ்ச சூடத்த அந்த ஊரு அன்னைக்குத்தான் பாத்துச்சு.

அம்பலம் துண்டக் கையில சுருட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

ரெண்டு பேரும் வீட்டுக்கு நடந்தாக. கொஞ்ச தூரம் போனதும் ராக்காயி கேட்டாளாம்: "அடியே, நான் சும்மா சொல்லல. நீ நெசமாவே சிரிச்சுக்கிட்டுத்தான வந்த?"

"ஆமாக்கா."

"ஏன்டி சிரிச்ச?"

"உள்ள என்னைய யாருமே பாக்கலக்கா. நீ கூடப் பாக்கல."

ராக்காயி கைய நீட்டி, "புள்ளையக் குடு, கை வலிக்கும்" னு வாங்கித் தன் தோள்ல போட்டுக்கிட்டாளாம். அதுனால ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டாகன்னு நினைக்காதீக. சாகுற வரைக்கும் சண்டைதான். குழம்புக்குச் சண்டை, கொடியில துணி காயப்போடச் சண்டை. பொறாமை அப்படியேதான் இருந்துச்சு. ஆனா ஓட்டப் பத்தி மட்டும் இவ அவளக் கேட்டதில்ல, அவ இவளக் கேட்டதில்ல.

அம்பலம் ரெண்டு பேரு கூடயும் ரொம்ப நாளு பேசல. அப்பறம் அடுத்த எலெக்சன் வந்துச்சு. மறுபடியும் நின்னாரு. இந்தத் தடவ அவரும் மைக்செட்டு பிடிச்சாரு, கும்பிட்ட கையோட எல்லாத் தெருவுக்கும் போனாரு, அதுவரைக்கும் கால் வைக்காத தெருவுக்கும் போனாரு. ஆனா அதுக்கெல்லாம் முந்தி, கெளம்புற அன்னைக்குக் காலையில, தன் வீட்டு முத்தத்துல வந்து நின்னாராம். ஒரு பக்கம் ராக்காயி, ஒரு பக்கம் பஞ்சவர்ணம். யாரு மொகத்தப் பாத்து முதல்ல கேக்குறது? எந்தப் பக்கம் திரும்புனாலும் இன்னொருத்தி விட மாட்டா. ரெண்டு பேருக்கும் நடுவுல நிலைப்படியப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாராம்.

"தாயி, எனக்கு உங்க ஓட்டப் போடுங்க."

ராக்காயி, "பாப்போம்" னாளாம்.

அந்தத் தடவ அம்பலம் செயிச்சாரு. அவளுக போட்டாகளா? எங்க ஐயா, அதான் அந்தத் தூளியில கெடந்த புள்ள, ரெண்டு தாயிகிட்டயும் கடைசி காலத்துல கேட்டுப் பாத்தாராம். ரெண்டு பேரும் வாயத் தொறக்கல.

அன்னையிலேர்ந்துதான் நம்ம ஊர்ல இந்தப் பழக்கம். எந்தக் கட்சிக்காரன் நின்னாலும் முதல்ல தன் வீட்டு முத்தத்துல நின்னு தன் வீட்டுப் பொம்பளைகளக் கும்பிட்டுக் கேக்கணும். அவுக "பாப்போம்" னு மட்டும்தான் சொல்லணும். காளி கோயில் வாசல்ல, படிக்குக் கிழக்க, கருத்துப்போன ஒரு சின்னத் தரை இருக்கு பாத்திருப்பீக. அன்னைக்கு அவ உக்காந்த எடம், அதுக்குப் பேரு ராக்காயி தரை. ஓட்டுப் போடப் போறதுக்கு முந்தி பொம்பளைக அங்க ஒரு சூடத்தக் கொளுத்தி வச்சுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிருவாக.

போன எலெக்சனுக்கு வெளியூர்லேர்ந்து ஒருத்தன் செல்போனும் கையுமா வந்தான். வீட்டுக்கு வீடு சேலையக் குடுத்து, "எங்களுக்குத்தான் ஓட்டுன்னு சத்தியம் பண்ணுங்க, வீடியோ எடுத்துக்கிறேன்" னான். நம்ம பொம்பளைக சேலைய வாங்கல. அவனக் கூட்டிட்டுப் போயி அந்தக் கருத்த தரையக் காட்டுனாக. அவனுக்கு ஒண்ணும் வெளங்கல. "இங்க என்னம்மா இருக்கு? வெறும் கரியா இருக்கு" ன்னான்.

"அதுதான் எங்க சத்தியம். போயிட்டு வா" ன்னாகளாம்.