கூரையில் மிச்சமிருக்கும் எட்டு ஆங்கர்கள்

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். குழந்தை இப்போதுதான் தூங்கினாள். மாலையில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பொய் இருக்கிறது. அதைத் திருத்தி இதை எழுதுகிறேன்.

என் பெயர் ராலித்சா டோன்சேவா. வயது 29. காப்ரோவோ நகரில், ஆற்றுப் பாலத்தை அடுத்த குடியிருப்பில், மூன்றாம் மாடியில் இருக்கிறேன். சிவில் படித்தவள். உயரத்தில் வேலை செய்பவர்கள் விழாமலிருக்கக் கயிறு மாட்டும் ஆங்கர்களைப் பதிக்கவும் இழுத்துச் சோதிக்கவும் பயிற்சி கொடுக்கிறேன்.

சென்ற செவ்வாயன்று பழைய நூல் ஆலையின் கூரையில் ஆறு பேருக்குப் பயிற்சி நடந்தது. அதற்கு முன் இரண்டு நாள் முற்றத்தில் கெட்டிக் கான்கிரீட் கட்டையில்தான் பழக்கியிருந்தேன். காலையில் ஓரத்து உத்தரத்தில் மூன்று துளை போட்டார்கள். அதன் பிறகு கூரைத் தளத்தின் நடுவில் நான்காவது துளை போடும்போது, அந்த ஆறு பேரில் ஒருவரான பென்கோ, "டீச்சரம்மா, இது கான்கிரீட்டா பாலாடைக்கட்டியா? டிரில்லு தன்னால உள்ள போகுது!" என்றார். அவர் மைத்துனர் ராச்சோ, "உங்க தொப்பைய வச்சு அமுக்கினா மலையே ஓட்டையாகும் மச்சான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தக் காலத்துத் தளங்களில் எடை குறைக்க ஓட்டைச் செங்கல் வைத்து வார்ப்பார்கள். டிரில் சட்டென்று உள்ளே போனால் அங்கே வெற்றிடம். பசையைத் தாங்கும் சல்லடைக் குழாயைச் செருகாமல், ஆங்கரைப் பிடிக்க வேண்டிய பசையை விட்டால் உள்ளே சிந்திவிடும். இது எனக்குத் தெரியும். நான் நிறுத்தவில்லை.

அதன் பிறகு மொத்தம் பன்னிரண்டு ஆங்கர்களையும் பதித்து, பசை இறுகியதும் உத்தரத்து மூன்றை இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை. அப்போது குழந்தைக்குக் காய்ச்சல் என்று காப்பகத்திலிருந்து போன் வந்தது. பன்னிரண்டும் சோதித்ததாகச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனேன்.

இன்று காலை பதினொரு மணிக்கு ஒன்பதாம் ஆங்கர் பிடுங்கிக்கொண்டு வந்து பென்கோ விழுந்தார். இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பிடுங்கி வந்த அந்த ஆங்கர் ஆணியைப் பார்த்தேன். கழுத்தில் மட்டும் நகக்கண் அளவு பசை. இருந்தும் உங்களிடம் "எல்லாம் சோதித்தோம்" என்றேன். பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுப் பிரித்துவிடுவீர்களோ என்ற பயம்.

அதன் பிறகு இரவு எட்டு மணிக்கு ராச்சோ போன் செய்தார். "ஒன்பதை மட்டும் மாத்திட்டு, காலைல ஏழு மணிக்கு ஏறச் சொல்லிட்டார் மேஸ்திரி. மத்ததெல்லாம் நீங்க இழுத்துப் பாத்ததுதானே டீச்சரம்மா? தைரியமா ஏறலாம்ல?"

நான் "ம்" என்றேன்.

அதன் பிறகு ஏழு முறை கூப்பிட்டுவிட்டேன். அவர் போன் அணைந்திருக்கிறது. மேஸ்திரி எடுக்கவில்லை. காலை ஆறரைக்குக் குழந்தையோடு ஏணியடியில் போய் நிற்பேன். ஆனால் என் சொல்லுக்கு ஆலையில் வேலை நிற்காது. உங்கள் உத்தரவுக்குத்தான் நிற்கும்.

இதில் எழுதியதெல்லாம் நான் செய்ததும் கண்டதும். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. அந்தச் சான்றிதழில் உள்ள என் கையெழுத்து செல்லாது. இதில் உள்ளது செல்லும்.

ரா. டோன்சேவா

ஏழு மணிக்கு முன் பதில் எழுதுங்கள்.